கண்ணாடிக்குள் இருந்த கருநீலம்

திங்கட்கிழமைகளில் ஸ்கேல் டீச்சர் கையில் மர ஸ்கேலோடு ஏழரைக்கே பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுவார். அதற்குள் வாட்ச்மேன் சின்னக் கேட்டை மட்டும் திறந்து வைத்து, ஒரு மரபெஞ்சை இழுத்துப் போட்டு, அதன் ஓரத்தில் சிவப்பு அட்டை போட்ட நோட்டை வைத்திருப்பார். பேனா மூடியைக் கழற்றிக் கொடுக்காததுதான் பாக்கி.

"கோர்ட்டு ரெடி டீச்சர்" என்பார்.

பதினேழு வருடமாக அதே ஜோக். டீச்சர் ஒருநாளும் சிரித்ததில்லை. ஆனால் ஒருமுறை வாட்ச்மேன் காய்ச்சலில் படுத்து, மாற்று ஆள் ஒன்றும் சொல்லாமல் பெஞ்சைப் போட்டுவிட்டுப் போனபோது, எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தது மாதிரி அன்று முழுக்க இருந்தது.

அந்தப் பெண்கள் பள்ளியில் அவர் தையல் டீச்சராகத்தான் சேர்ந்தார். எட்டு மெஷின்கள், ஒரு நீள மேஜை, ஜன்னலோரம் ஒரு இஸ்திரிப் பெட்டி. பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கவும், ஓரம் அடிக்கவும், வளர்ந்துவிட்டால் பாவாடை மடிப்பைப் பிரித்து நீளம் விடவும் சொல்லிக்கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றுக்கு அறை வேண்டியிருந்தது. மெஷின்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. டீச்சரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்போதைய ஹெச்.எம்., "துணி விஷயம் உங்களுக்குத்தான் தெரியும், யூனிஃபார்மை நீங்க பாத்துக்கங்க" என்று சிவப்பு நோட்டைக் கொடுத்தார். கொடுத்தவருக்கு அது ஏதோ ஒரு ஒட்டு வேலை. வாங்கியவர் அப்படி நினைக்கவில்லை.

விதிகள் பள்ளி டைரியின் நான்காம் பக்கத்தில் இருந்தன. பெஞ்சின்மேல் முட்டி போட்டால் பாவாடையின் ஓரம் பலகையைத் தொட வேண்டும். ரிப்பன் வெள்ளை, இரண்டு விரல் அகலம். ஷூவுக்குப் பாலிஷ். நகத்தில் வெள்ளை தெரியக்கூடாது. பாவாடை கருநீலம். ஒன்று தவறினால் நோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி, அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு பருவத்தில் மூன்று புள்ளி விழுந்தால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது.

இதில் டீச்சருக்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்று கிடையாது. பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டென்டின் பேத்தி பழுப்பு கிளிப் மாட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். அதே காரில் திரும்பிப் போனாள். அன்று பிரேயரில் ஆசிரியைகள் டீச்சரைப் பார்த்த பார்வையில் பாதி மரியாதை, பாதி பயம். "நம்ம டீச்சர் கண்ணாடியில தன்னைப் பார்த்தாலும் முதல்ல ரிப்பனைத்தான் பார்ப்பாங்க" என்று கணக்கு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் சொன்னது அவர் காதுக்கும் வந்தது. வந்தால் என்ன.

கருநீலம் என்றால் எந்தக் கருநீலம் என்று பெற்றோர் கேட்பார்கள் அல்லவா. அதற்காக ஆபீஸ் வராந்தாவில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே அட்டையில் தைத்த ஒரு சாண் துணி. தையல் டீச்சராக இருந்த காலத்தில் அவரே தைத்தது. 'இருட்டு வராந்தாவுல சரியாத் தெரியலை' என்று சிலர் சாக்குச் சொன்னதால், பதினோரு வருடத்துக்கு முன் அதைக் கொண்டுவந்து வாசல் சுவரில் மாட்டச் சொன்னார். நல்ல இடம். காலை வெயில் பத்து மணிவரைக்கும் நேராக அதன்மேல் விழும். இனி யாரும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

அதன்பின் அந்த வட்டாரத்தில் ஒரு பழக்கம் வந்தது. கடையிலிருந்து வாங்கிய துணியை யாரும் அப்படியே தைத்து அனுப்பமாட்டார்கள். முனைக்கடைத் தையல்காரர் முதலில் அதைப் பவுடர் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, நாலு நாள் மொட்டைமாடியில் வெயில் காட்டுவார். "சாயம் இறக்கறது" என்று அதற்குப் பெயர். பள்ளி திறக்கும் வாரத்தில் சுற்றுவட்டத் தெருக்களின் மாடிகளில் எல்லாம் நீலத்துணி ஆடும். அக்கா பாவாடை தங்கைக்கு வந்தால் தங்கைகள் அழமாட்டார்கள். ஏற்கெனவே இறங்கிய சாயம், தொந்தரவு இல்லை.

இதெல்லாம் தெரியாமல் ஒரு பிள்ளை வந்து சேர்ந்தாள்.

எட்டாம் வகுப்பு. பருவத்தின் நடுவில் சேர்ந்தவள். அம்மா பஸ் கண்டக்டர், மாற்றலாகி வந்தவர். பிள்ளை ஒல்லி, காது இரண்டும் கொஞ்சம் வெளியே நிற்கும். ரிப்பன் சரி, நகம் சரி, ஷூ பளபளப்பு. பாவாடைதான் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. முதல் திங்கள் ஒரு புள்ளி. அடுத்த திங்களும் அதே பாவாடை, இரண்டாவது புள்ளி. இன்னும் ஒரு திங்கள்தான் இருந்தது. அதற்கு மறுநாள் அரையாண்டுத் தேர்வு.

இரண்டாவது புள்ளி விழுந்த அன்றே, பத்து மணி வாக்கில், கண்டக்டரம்மா வந்துவிட்டார். காக்கி உடுப்பு, தோளில் பை, சட்டையில் பேட்ஜ். இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறார். பின்னாலேயே பிள்ளை.

"டீச்சர், நாலாம் பக்கம்." டைரியைப் பிரித்து நீட்டினார். "பாவாடை கருநீலம்னு போட்டிருக்கு. இவ போட்டிருக்கறது கருநீலம். தப்பு எங்க?"

"அதோ மாட்டியிருக்கே, அதுதாம்மா கருநீலம்."

கண்டக்டரம்மா பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார்.

"இதுக்குப் பேர் கருநீலமா? மத்தியான வானம் மாதிரி இருக்கு."

வாட்ச்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டின் அந்தப் பக்கம் போய் நின்றார்.

"அறுநூறு பிள்ளைங்க இந்தக் கலர்லதான் வர்றாங்க" என்றார் டீச்சர். "முனைக்கடையில குடுங்க. நாலு நாள்ல இறக்கித் தருவாரு."

"புதுத்துணியை வெளுக்க வெச்சுப் போடணுமா? நல்லாருக்கே. எங்க டிப்போவுல காக்கி வெளுத்தாத்தான் மெமோ குடுப்பாங்க."

"அது உங்க டிப்போ."

"சரிதான். எழுதியிருக்கறதைத்தான் எம் பொண்ணு போடுவா. நீங்க எழுதினதை நீங்களே மாத்திச் சொன்னா நான் என்ன பண்றது? அடுத்த திங்களும் இதே பாவாடைதான் வரும்."

"மூணாவது புள்ளி விழுந்தா பரீட்சை எழுத முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும். அதுவும் நாலாம் பக்கத்துலதான் இருக்கு."

பிள்ளை அம்மாவின் பையைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள். "விடும்மா, வெளுத்துக்கலாம்" என்று முணுமுணுத்தாள். அம்மா விடவில்லை. நேரம் பார்த்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினார். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கண்டக்டரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

டீச்சருக்குச் சண்டை புதிதல்ல. ஆனால் இந்த அம்மா சத்தம் போடவில்லை. விதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அது இதுவரை டீச்சர் மட்டுமே பேசிய பேச்சு. வாரம் முழுக்க அது உள்ளே எங்கோ நூல் முடிச்சு மாதிரி தட்டிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை அரைநாள் பள்ளி. மதியம் பிள்ளைகள் போனபிறகு, துணியையே அந்தப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாவாடைமேல் வைத்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். வாட்ச்மேன் பெட்டியைக் கழற்றிக் கொடுத்தார். ஆணி துருப்பிடித்திருந்தது.

பெஞ்சில் வைத்து, கண்ணாடியைப் பிடித்திருந்த மரச்சட்டத்தை ஸ்கேலின் தகடு போட்ட முனையால் நெம்பினார். கண்ணாடி கையோடு வந்தது. துணியின் நாலு ஓரத்திலும், ஒரு விரல் அகலத்துக்கு, அழுக்கு படிந்திருந்தது. கட்டைவிரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். அப்போதும் போகவில்லை.

அது அழுக்கில்லை. மரச்சட்டத்தின் நிழலில் இருந்த துணி.

தையலின் ஒரு முனையைப் பிரித்து, உள்ளே மடித்திருந்ததை வெளியே எடுத்தார். மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

எத்தனை பிள்ளைகளுக்குப் பாவாடை மடிப்பைப் பிரித்து நீளம் விடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "பிரிச்சா பழைய கோடு தெரியும், உள்ள இருந்தது வெளுக்காம இருக்கும்" என்று அவர் சொல்லாத வருடமில்லை. இப்போதும் பெஞ்சில் முட்டி போடும் பாவாடைகளில் பாதிக்குமேல் அந்தக் கோடு இருக்கும். வாரா வாரம் பார்ப்பதுதான்.

"என்ன டீச்சர், பூச்சி அரிச்சிருச்சா?" என்றார் வாட்ச்மேன்.

"இல்லை" என்று மட்டும் சொன்னார்.

துணியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு முனைக்கடைக்குப் போனார். தையல்காரர் காலர் தைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்ததும் மெஷினில் இருந்து காலை எடுத்தார்.

"ஆமா" என்றார்.

"என்ன ஆமா? உங்களுக்குத் தெரியுமா?"

"துணியோட பொழைக்கறவன் டீச்சர். தெரியாம இருக்குமா? முதல்ல ஒரு நாள் வெயில் போதும். அப்புறம் ரெண்டு நாள் ஆச்சு. இப்ப பவுடர் போட்டு நாலு நாள் காயப்போட்டாத்தான் உங்க கலர் வருது."

"அப்ப ஏன் சொல்லலை?"

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்து இழுத்து விட்டார்.

"உங்ககிட்டயா?" என்றார்.

திரும்பப் பள்ளிக்கு வந்து அலமாரியைத் திறந்தார். பதினேழு நோட்டுகள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் ஆறு வருடத்தில் 'நிறம்' என்று ஒரு பதிவும் இல்லை. பெட்டி வாசலுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து முதல் பதிவு. அடுத்த வருடம் மூன்று. பிறகு எல்லாரும் பழகிவிட்டார்கள். இருந்தும் இந்தப் பிள்ளையை விட்டு மொத்தம் முப்பத்தெட்டு பெயர்கள். முப்பத்தெட்டும் அவர் கையெழுத்து, சீராக, வலப்பக்கம் சாய்ந்து.

அதில் ஒரு பெயர் அவருடைய தங்கை மகளுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுத்த நாள்.

ஹெச்.எம். கிளம்பிக்கொண்டிருந்தார். இப்போதைய ஹெச்.எம். டீச்சரைவிடப் பத்து வயது இளையவர். எதையும் நின்றபடியே தீர்க்க விரும்புகிறவர். துணியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கைப்பையை மேஜைமேல் வைத்தார்.

"இப்ப என்ன பண்ணணும்ங்கறீங்க? அறுநூறு பிள்ளைங்க தப்பு, ஒரு பிள்ளை சரின்னு சொல்லணுமா?"

"அதுதானே நடந்திருக்கு மேடம்."

"டீச்சர், செவ்வாய்க்கிழமை பரீட்சை. பேசாம பெட்டியைப் பழையபடி மூடி மாட்டிடுங்க. அந்தப் பிள்ளைக்கு மூணாவது புள்ளி வேண்டாம், கண்டுக்காம விட்டுடுங்க. பரீட்சை எழுதிட்டுப் போகட்டும். ரெண்டு மாசத்துல துவைச்சுத் துவைச்சு அதுவா இந்தக் கலருக்கு வந்துடும்."

"கண்டுக்காம விடறதுன்னு நோட்டுல ஒரு பத்தி இல்லை மேடம். போட்ட புள்ளியை அடிச்சா காரணம் எழுதணும்."

"காரணம் எழுதினா உங்க பேர்தான் கெடும். யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருஷம் திருப்பி அனுப்பினதுக்கெல்லாம் ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

"முப்பத்தெட்டு பேர்" என்றார் டீச்சர்.

ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து, "திங்கட்கிழமை நான் ஒன்பது மணிக்குத்தான் வருவேன்" என்றார். எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

டீச்சர் இருந்த வீட்டின் மாடியில்தான் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் இருந்தார்கள். அப்பா கட்டிய வீடு. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்ப்பகுதி அவருக்கு. தங்கை கடைசியாக நேராகப் பேசியது அந்தப் போட்டோ நாளில்தான். "உன் ஸ்கேலைக் கட்டிக்கிட்டு அழு" என்றாள். பிறகு தண்ணீர் மோட்டார் போடுவது முதல் வீட்டு வரி கட்டுவது வரைக்கும் எல்லாம் வீட்டுக்காரர் வழியாகத்தான். அவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். "வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே வேலைதான் அக்கா" என்று சொல்வார்.

ஞாயிறு காலை டீச்சர் மாடிப்படி ஏறினார். பதினெட்டுப் படிகள். எட்டாவது படியில் ஓடு பெயர்ந்திருந்தது, கீழே இருந்து பார்த்ததில் அது தெரிந்ததே இல்லை. தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்தார்.

"உட்காருங்க அக்கா."

டீச்சர் உட்காரவில்லை. துணியை மேஜைமேல் விரித்து வைத்தார். நடுவில் வெளிறிய சதுரம், சுற்றி ஒரு விரலுக்குக் கருநீலம்.

"பெட்டி வெயில்ல இருந்து வெளுத்திருக்கு. எனக்குத் தெரியலை. அன்னிக்குப் பிள்ளை போட்டுட்டு வந்த பாவாடை சரியான கலர்தான். நான்தான் தப்பு" என்றார். கீழே ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததுபோல் ஒரே மூச்சில்.

தங்கை தலையணை உறையை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக.

"போட்டோக்காரர் திரும்பி வருவாரான்னு கேளுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"வரமாட்டாரு" என்றார் டீச்சர், நேராக.

"அது தெரியுதான்னு கேளுங்க."

"தெரியுது."

வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொண்டு சேர்ப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை. டீச்சர் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் மேலே இருந்து குரல் வந்தது.

"எட்டாவது படி உடைஞ்சிருக்கு. பார்த்து எறங்கச் சொல்லுங்க."

சொல்ல வேண்டிய வேலை வீட்டுக்காரருக்கு இருக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழரைக்கு முன்பே டீச்சர் வந்துவிட்டார். பெட்டியை மரச்சட்டம் இல்லாமல், கண்ணாடியை நாலு ஆணியில் நிறுத்தி மாட்டச் சொன்னார். நடுவும் தெரிந்தது, ஓரமும் தெரிந்தது. கீழே ஒரு அட்டை: 'இரண்டும் சரி.' வாட்ச்மேன் அதை இரண்டு தடவை படித்தார்.

"கோர்ட்டு..." என்று ஆரம்பித்து, டீச்சர் முகத்தைப் பார்த்து, "பெஞ்சு போட்டாச்சு டீச்சர்" என்று முடித்துக்கொண்டார்.

எட்டுக்கு வரிசை நின்றது. பெரிய பிள்ளைகள் பெட்டியைப் பார்த்து ஒருத்தி காதில் ஒருத்தி குசுகுசுத்தார்கள். டீச்சர் காதில் வாங்கவில்லை. எட்டே காலுக்குக் கண்டக்டரம்மா காக்கியில் வந்தார். பக்கத்தில் பிள்ளை, அதே பாவாடை. பையில் டைரியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. சண்டைக்குத் தயாராக வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

டீச்சர் சிவப்பு நோட்டைத் திறந்து, பிள்ளையின் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு புள்ளிகளையும் அடித்தார். காரணம் எழுதினார். எழுதியதை அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். 'மாதிரித் துணி வெயிலில் வெளுத்துவிட்டது. மாணவியின் நிறம் சரி. பிழை என்னுடையது.' கீழே கையெழுத்து, தேதி. அதற்கும் கீழே, இதே காரணத்துக்காக இதற்குமுன் திருப்பி அனுப்பப்பட்ட முப்பத்தெட்டு பேரின் பட்டியல் பின்பக்கத்தில் இருப்பதாக ஒரு வரி.

கண்டக்டரம்மா முழுவதும் படித்தார். டிக்கெட்டைச் சரிபார்ப்பது போல.

"இதை நீங்க எழுதியிருக்க வேண்டாமே டீச்சர். அடிச்சிருந்தா போதும்."

"காரணம் எழுதணும். விதி."

"நாளைக்கு எழுதலாமில்ல பரீட்சை?"

"எழுதலாம். முதல்ல ஏறச் சொல்லுங்க."

பிள்ளை பெஞ்சில் ஏறி முட்டி போட்டாள். டீச்சர் குனிந்து ஸ்கேலை வைத்தார். பாவாடை ஓரத்துக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அரை இஞ்ச். தைத்த பிறகு பிள்ளை வளர்ந்திருக்கிறாள், அல்லது துணி துவைத்துச் சுருங்கியிருக்கிறது. முதல் இரண்டு தடவையும் நிறத்தோடு நின்றுவிட்டதால் நீளம் பார்க்கவே இல்லை.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

டீச்சர் நோட்டை எடுத்தார். அடித்த புள்ளிகளுக்குப் பக்கத்தில், புதிதாக, ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

"ஒண்ணுதான்" என்றார். "இன்னிக்குப் போய் நீளம் விட்டுட்டு நாளைக்குப் பரீட்சைக்கு வரட்டும்."

கண்டக்டரம்மா குனிந்து தானும் பார்த்தார். வெளிச்சத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. டிப்போவில் நேர்மையான செக்கரிடம் மாட்டிக்கொண்ட ஆளின் முகம்.

"இது சரி" என்றார். "இதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பிள்ளை பெஞ்சிலிருந்து இறங்கி முட்டியைத் தட்டிக்கொண்டாள். மூன்று வாரத்தில் அவள் டீச்சரிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"மடிப்பைப் பிரிச்சா கோடு தெரியுமே டீச்சர். உள்ள இருந்தது மட்டும் இன்னும் கறுப்பா இருக்கும். அதுக்கும் புள்ளி வைப்பீங்களா?"

டீச்சர் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதன்மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது.

"கோட்டைப் பத்தி நாலாம் பக்கத்துல ஒண்ணும் இல்லை" என்றார். "அடுத்தது யாரு, ஏறு."